பெருநாள் பிஸ்கட்டும் அடுப்படிக் கூலியும்

நோன்பு பதினைந்து கழிந்துவிட்டால் எமது ஊர்க் கடைகளில் காசாளர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு புதிய வரிசை முளைக்கும். கண்ணாடிப் போத்தல்களிலும் பிளாஸ்டிக் டப்பாக்களிலும் அடைத்த, வீட்டில் சுட்ட பிஸ்கட். நானகத்தா, அச்சில் பிழிந்த பட்டர் பிஸ்கட், நடுவில் கஜு வைத்தது, தேங்காய்ப்பூ போட்டது என்று நாலைந்து வகை. மூடியில் பெயர் இருக்காது. விசாரித்தால், "இது பள்ளிக்குப் பின்னால இருக்கிற ராத்தா போடுறது, நல்ல சாமான்" என்பார் முதலாளி. சாமான் நல்லதுதான். ஆனால் அந்த ராத்தாவுக்கு ஒரு போத்தலில் என்ன மிஞ்சுகிறது என்ற கணக்கை முதலாளியும் பார்ப்பதில்லை, வாங்குகிற நாமும் பார்ப்பதில்லை. பல வீடுகளில் அவரே பார்ப்பதில்லை. வியாபாரிகள் வாசிக்கும் பக்கம் இது என்பதால் அந்தக் கணக்கை இங்கே திறந்து வைக்க விரும்புகிறேன்.

முதலில் சாமான் கணக்கு. பட்டர் பிஸ்கட்டின் அடிப்படை அளவு உலகம் முழுவதும் ஒன்றுதான். நிறைப்படி சீனி ஒரு பங்கு, பட்டர் இரண்டு பங்கு, கோதுமை மா மூன்று பங்கு. ஏலம், வனிலா, கஜு எல்லாம் இதற்கு மேலே வருபவை. ஒரு கிலோ பிசைந்த மாவில் மூன்றில் ஒரு பங்கு பட்டர். பொருட்செலவிலோ பெரும்பகுதி அதுதான். மாவும் சீனியும் எவ்வளவு ஏறினாலும் ஒரு கிலோ பிஸ்கட்டின் விலையைப் பெரிதாக அசைக்காது. பட்டர் ஏறினால் எல்லாம் ஏறும். அதனால்தான் மாஜரினுக்குத் தாவுகிறார்கள். தாவுவது குற்றமல்ல. மாஜரின் போட்டுவிட்டு "பட்டர் பிஸ்கட்" என்று சொல்லி விற்பதுதான் பிழை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று, அடுப்பில் போகும் நிறை. பட்டரில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு தண்ணீர். மாவிலும் ஈரம் உண்டு. சுடும்போது அது ஆவியாகிவிடும். ஒரு கிலோ பிசைந்த மா வெளியே வரும்போது 900 கிராம் அளவில்தான் நிற்கும். பிசைந்த நிறைக்கு விலை போட்டவருக்குப் பத்துக் கிலோவில் ஒரு கிலோ காற்றோடு போய்விடுகிறது. எமது உம்மாமாரின் அளவு சுண்டு. வீட்டுக்குச் சுடும்போது சுண்டு போதும். கடைக்குக் கொடுப்பது கிலோவில். மாவை அமுக்கி அள்ளினால் ஒரு நிறை, தளர்வாக அள்ளினால் இன்னொரு நிறை. எனவே விற்பனைக்குச் சுடும் வீட்டில் முதலில் வாங்க வேண்டியது புதிய அச்சு அல்ல, ஒரு சின்னத் தராசு.

இப்போது நேரக் கணக்குக்கு வருவோம். ஒரு பிஸ்கட் 15 கிராம் என்றால் கிலோவுக்கு 65 பிஸ்கட் வரும். பத்துக் கிலோவுக்கு 650. வீட்டு ஒவனில் ஒரு தட்டில் 25 வைக்கலாம். அப்படியானால் 26 தட்டு. ஒரு தட்டு வேக, எடுக்க, மறுதட்டு வைக்க 20 நிமிடம் என்று பிடித்தால் 520 நிமிடம், அதாவது எட்டு மணித்தியாலமும் நாற்பது நிமிடமும். இது ஒவன் மட்டும் வேலை செய்யும் நேரம். பிசைவது, உருட்டுவது, ஆறவிட்டு அடைப்பது, தட்டுக் கழுவுவது எல்லாம் சேர்த்தால் பத்துக் கிலோவுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் போகும். நோன்போடு, ஸஹர் சமையலுக்கும் இஃப்தார் சமையலுக்கும் இடையில்.

இனி விலையைப் போட்டுப் பாருங்கள். கணக்கு விளங்குவதற்காக முழு எண்களைத் தருகிறேன். இன்றைய விலையை நீங்களே போட்டுக்கொள்ளலாம். ஒரு கிலோவுக்குப் பொருள், எரிவாயு அல்லது மின்சாரம், டப்பா எல்லாம் சேர்த்து 1,800 ரூபா. கடைக்குக் கொடுப்பது 2,000. கடை விற்பது 2,500. பத்துக் கிலோவில் ராத்தாவின் "இலாபம்" 2,000 ரூபா. பன்னிரண்டு மணித்தியாலத்துக்குப் பிரித்தால் மணிக்கு 170 ரூபாவும் இல்லை. மேசனுக்குச் சீமெந்து குழைத்துக் கொடுப்பவரை இந்தக் கூலிக்கு ஒருநாள் அழைத்துப் பாருங்கள். அதிலும் அந்த 2,000 இலாபமே அல்ல. கூலிதான். கூலிக்கு மேலே நிற்பதற்குத்தான் இலாபம் என்று பெயர். எமது கடையில் வேலை செய்யும் பொடியனின் சம்பளத்தைச் செலவில் எழுதிவிட்டுத்தானே நாம் இலாபம் பார்க்கிறோம்? அடுப்படிக்கு மட்டும் ஏன் வேறு கணக்கு?

கதை இதோடு முடியவில்லை. எமது கடைகளில் பெரும்பாலும் நடக்கும் ஒழுங்கு, "வைத்துவிட்டுப் போங்கள், விற்றால் காசு, விற்காவிட்டால் திருப்பி எடுங்கள்" என்பது. மேலே சொன்ன பத்துக் கிலோவில் ஒரேயொரு கிலோ திரும்பி வந்துவிட்டது என்று வையுங்கள். ஒன்பது கிலோவுக்கு அவருக்குக் கிடைப்பது 18,000. பத்துக் கிலோ சுட அவர் செலவழித்ததும் 18,000. கையில் பூச்சியம். அதே ஒன்பது கிலோவில் கடைக்காரருக்கு 4,500 ரூபா. முதல் ஒரு சதமும் போடாமல். நான் ஒரு வியாபாரி, இலாபத்தைக் குறைகூறுபவன் அல்லன். முதல் போட்டவனுக்கும் நட்டத்தைத் தாங்குபவனுக்கும் இலாபம் சேருவது நியாயம். இங்கே முதல் போட்டவரும் ராத்தா, நட்டத்தைத் தாங்குபவரும் ராத்தா. இலாபம் மட்டும் இடம் மாறியிருக்கிறது.

பெருநாள் பிஸ்கட்டில் திரும்பி வருவது என்பது மற்றச் சாமான் திரும்பி வருவது போன்றதல்ல. சவர்க்காரம் விற்காவிட்டால் அடுத்த மாதம் விற்கும். பெருநாளுக்கு மறுநாள் பிஸ்கட்டை யார் கேட்பது? ஒவ்வொரு வீட்டு மேசையிலும் அதுதான் கிடக்கும். போதாததற்கு எமது காலநிலை. மழைக்காற்றில் நாலு தரம் மூடி திறந்த போத்தலில் பிஸ்கட் நமுத்துவிடும். அப்படி நமுத்ததையும் உடைந்ததையும் எண்ணித் திருப்பிக் கொடுக்கிறவர்கள் எம்மில் இருக்கிறார்கள்.

காசு கொடுக்கும் விதம் அதைவிட மோசம். பெருநாள் முடிந்து ஒரு கிழமையில் மகனை அனுப்புவார். பொடியன் கடை வாசலில் நிற்பான்.

"ஹாஜியார், உம்மா பிஸ்கட் காசி வாங்கிட்டு வரச் சொன்ன."

"ஹஜ்ஜிப் பெருநாளைக்கும் போடத்தானே போற? ரெண்டையும் ஒண்டாப் பாப்பம் மகன்."

இப்படி ஒரு பதிலைக் கேட்காத ஊர் எமது நாட்டில் இருக்குமா என்பது சந்தேகம். இரண்டு பெருநாளுக்கும் இடையில் இரண்டு மாதத்துக்கு மேல். பெரிய கம்பனியின் விற்பனைப் பிரதிநிதி வந்து நின்றால் செக் எழுதுகிறோம். திகதி தவறினால் சாமான் நிற்கும் என்ற பயம். ராத்தாவிடம் அந்தப் பயம் இல்லை. அவர் திரும்பவும் கொண்டுவருவார் என்று தெரியும்.

"அது அவங்க கைச்செலவுக்குச் செய்ற வேலைதானே, அதற்கு ஏன் இவ்வளவு கணக்கு?" என்று சிலர் கேட்கலாம். நான் அறிந்த வரையில் பெருநாள் பலகாரம் சுட்டு விற்கும் வீடுகள் பலவற்றில் அது கைச்செலவு அல்ல. பிள்ளைகளின் பெருநாள் உடுப்பு அதிலிருந்துதான் வருகிறது. கணவன் இல்லாத வீடுகளில் இரண்டு மூன்று மாத வாடகை அதிலிருந்து வருகிறது. மத்திய கிழக்குக்குப் போய் வந்த பெண்கள், அங்கே அரபு வீடுகளில் பழகிய பேரீச்சம்பழம் வைத்த மாமூலை இங்கே சுட்டு விற்பதையும் காண்கிறோம். மீண்டும் விமானம் ஏறாமல் இருப்பதற்கு அவர்களுக்கு இருக்கும் ஒரே வழி அந்த ஒவனாக இருக்கலாம்.

இந்தத் தொழில் கடந்த சில வருடங்களில் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். 2020 நோன்பு ஊரடங்குக்குள் வந்தது. பேக்கரி மூடியிருந்த இடங்களில் அயல் வீட்டு ஒவன்தான் கை கொடுத்தது. அதுவரை வீட்டுக்கு மட்டும் சுட்டவர்கள் பலர் அந்த வருடம்தான் விற்கத் தொடங்கினார்கள். பிறகு 2022. ஏப்ரல் மாதம், நோன்பின் கடைசிப் பத்தில், 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர் 2,675 ரூபாவிலிருந்து 4,860 ரூபாவுக்குப் போனது. அந்த விலைக்கும் வரிசையில் நின்றால்தான் கிடைக்கும். ஓடர் எடுத்து முற்பணமும் வாங்கிய பெண்கள், அந்த முற்பணத்தைச் சிலிண்டருக்குக் கொட்டினார்கள். சொன்ன விலையைக் கூட்டவும் முடியவில்லை. மின்சார ஒவனுக்கு மாறியவர்களுக்கு 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் மின்கட்டணம் ஏறியது. அதன்பின் அது ஏறியும் இறங்கியும் வந்தாலும், அலகு கூடக் கூட விலையும் கூடும் படிமுறை அப்படியே இருக்கிறது. 2,000 வொட் ஒவன் சூடு ஏறி நின்று நின்று எரியும்போது மணிக்கு ஒன்றரை அலகு அளவில் இழுக்கும் என்று வைத்தால், நாளைக்கு எட்டு மணித்தியாலம், பத்து நாளைக்கு 120 அலகு. மாதம் 80 அலகு பாவிக்கும் வீடு அந்த மாதம் 200 இல் நிற்கும். கூடுகிற பட்டியல் பெருநாளுக்குப் பிறகுதான் வரும். அதை எந்தப் போத்தலின் விலையிலும் யாரும் சேர்த்திருக்க மாட்டார்கள்.

2023 இல் முட்டைத் தட்டுப்பாடு வந்தபோது இந்தியாவிலிருந்து முட்டை இறக்கினார்கள். முதலில் பேக்கரிகளுக்கும் ஹோட்டல்களுக்கும் கொடுத்தார்கள். வீட்டில் சுட்டு விற்பவருக்கு அந்த வரிசையில் இடம் இருக்கவில்லை. ஏனென்றால் எந்தப் பதிவிலும் அவர் ஒரு உற்பத்தியாளர் இல்லை. இதில் அரசாங்கத்தை மட்டும் நோகுவதில் பயனில்லை. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவது பெரிய மலையைப் புரட்டும் வேலையல்ல. தகப்பனோ மகனோ அரை நாளை ஒதுக்கினால் போதும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு ஓடவும் தேவையில்லை. அவர் வந்து அடுப்படியைப் பார்த்துவிட்டுப் போனது, கடைக்காரரிடம் விலை பேசும்போது ஒரு பலம்.

பெண்கள் பக்கத்திலும் குறை இல்லாமல் இல்லை. மாஜரின் விடயம் முதலாவது. பட்டரிலும் நல்ல மாஜரினிலும் கொழுப்பின் அளவு ஏறத்தாழ ஒன்றுதான், நூற்றுக்கு எண்பது. ஆதலால் பிஸ்கட்டின் உருவத்தில் வித்தியாசம் தெரியாது. வாயில் வைத்தவருக்குத் தெரியும். இரண்டையும் இரண்டு விலைக்கு, இரண்டு பெயரில் விற்றால் இரண்டுக்கும் ஆள் இருக்கிறது. ஒளித்து விற்றால் மறு வருடம் கதவைத் தட்ட ஆள் வராது. இரண்டாவது, ஒவன் தாங்குமா என்று பாராமல் ஓடர் எடுப்பது. ஒரு நாளைக்குப் பத்துக் கிலோதான் முடியும் என்று மேலே பார்த்தோம். தலைப்பிறை இரவுக்கு நாற்பது கிலோ தருகிறேன் என்றால் அது எப்படி? அரை வேக்காட்டில் இறக்கி, சூடு ஆறமுன் மூடி, உள்ளே வியர்த்துப்போன பிஸ்கட் அப்படித்தான் வருகிறது. மூன்றாவது, போத்தலில் ஒரு துண்டுக் காகிதமாவது ஒட்டாதது. பெயர், சுட்ட திகதி, நிறை, பட்டரா மாஜரினா என்பது. இந்த நான்கும் எழுதிய போத்தலுக்கு நூறு ரூபா கூடக் கேட்டாலும் கொடுப்பார்கள்.

பிஸ்கட்டில் ஒரு வசதி இருக்கிறது. வட்டிலப்பத்தில் அது இல்லை. வட்டிலப்பத்தைப் பிறை கண்ட பிறகுதான் அவிக்க வேண்டும். இருபத்தொன்பதா முப்பதா என்று கொழும்புப் பெரிய பள்ளிவாசலின் அறிவித்தல் வரும்வரை முட்டையையும் கருப்பட்டியையும் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். பிஸ்கட் அப்படியல்ல. நன்றாக ஆறவிட்டுக் காற்றுப்போகாமல் அடைத்தால் மூன்று கிழமைக்கு ஒன்றும் ஆகாது. அப்படியிருக்க ஏன் எல்லோரும் கடைசிப் பத்தில்தான் சுடுகிறார்கள்? காரணம் நாம்தான். கடைக்காரர் இருபதாம் நோன்பு வரை ஓடர் சொல்வதில்லை. சொன்னாலும் முற்பணம் கொடுப்பதில்லை. பட்டர் வாங்கக் காசு இல்லாமல் அவர் முன்கூட்டியே எப்படிச் சுடுவது? பள்ளியில் நாங்கள் இரவு வணக்கத்தில் நிற்கும்போது அவர் ஒவன் முன்னால் நிற்கிறார். ஷஃபான் கடைசியில் ஓடரைச் சொல்லி மூன்றில் ஒரு பங்கு காசைக் கொடுத்தால், இருபதாம் நோன்புக்கு முன் சாமான் கடைக்கு வந்துவிடும். எனது கடையில் சில வருடங்களாக இந்த ஒழுங்குதான். மூன்றில் ஒன்று முன்னே, மிகுதி சாமான் வந்த அன்றே. திருப்பிக் கொடுப்பது கிடையாது. அதனால் நான் எடுப்பது கொஞ்சம்; எடுத்ததை விற்றே ஆகவேண்டும் என்பதால் விற்கிறேன். கடைசி நேரத்தில் எல்லாக் கடையும் பிஸ்கட் தேடி ஓடும்போது எனக்கு முதல் தெரிவு கிடைக்கிறது. இது தர்மம் அல்ல, வியாபாரம்தான்.

ஊர்ப் பேக்கரிக்காரர்களிடம் ஒரு வார்த்தை. எங்கள் சின்ன வயதில் பெருநாளுக்கு முன் பிஸ்கட் தட்டுகளைத் தலையில் வைத்துப் பேக்கரிப் போரணைக்குக் கொண்டுபோவது வழக்கம். எகிப்திலும் நோன்புப் பெருநாளுக்குச் சுடும் 'கஹ்க்' என்ற பிஸ்கட்டை வீட்டில் பிசைந்து, தட்டுத் தட்டாக ஊர்ப் போரணைக்குக் கொண்டுபோகும் பழக்கம் இருந்து வந்தது. அதில் ஒரு கணக்கு இருக்கிறது. பாணுக்கு வேண்டிய கடும் சூடு பிஸ்கட்டுக்கு ஆகாது. பாண் இறக்கிய பிறகு மெல்லத் தணிகிற, 160 - 175 பாகை அளவிலான சூடுதான் பிஸ்கட்டுக்குப் பதம். விறகுப் போரணையில் அந்தச் சூடு சும்மா வீணாகிறது. நோன்பு காலத்தில் பகல் வியாபாரமும் குறைவு. இஃப்தாருக்கான ரோல்ஸும் பற்றிஸும் பிற்பகலில்தான். காலை ஒன்பது மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை போரணையைத் தட்டுக் கணக்கில் வாடகைக்கு விட்டால் என்ன? வீட்டில் எட்டு மணித்தியாலம் எடுக்கும் 26 தட்டும் அங்கே இரண்டு மூன்று தரத்தில் முடியும். பேக்கரிக்கு எரிபொருள் செலவில்லாத வருமானம். வீட்டுக்கு அந்த 120 அலகு மிச்சம்.

பெருநாள் பொதி செய்து வாடிக்கையாளருக்கும் ஊழியருக்கும் கொடுக்கும் முதலாளிமாருக்கும் இதைச் சொல்லலாம். பொதிக்குள் அந்த டென்மார்க் நீல டின்தான் வைக்க வேண்டும் என்று சட்டம் இல்லை. (அந்த டின்னுக்குள் ஊசி நூல் இல்லாத வீடு எது? அதன் உண்மையான பாவனையே பிஸ்கட் முடிந்த பிறகுதான்.) ஐம்பது பொதி கட்டுகிறவர் நாலு வீட்டுக்கு ஓடரைப் பிரித்துக் கொடுத்தால் நாலு வீட்டிலும் பெருநாள். சிங்கள, தமிழ் நண்பர்களுக்கு அனுப்பும் பொதியில் நானகத்தா வைத்தால், "ஓ, ஞானகதா" என்று சிங்கள நண்பர் உடனே அடையாளம் கண்டுகொள்வார். பெயரில் பாரசீகத்தின் 'நான்' இருக்கிறது, பண்டம் சூரத் பக்கத்தது. அவர்கள் புத்தாண்டுக்குச் சுடும் கொக்கிஸும் நாம் சொல்லும் குக்கீயும் ஒரே ஒல்லாந்துச் சொல்லிலிருந்து பிறந்தவை என்பார்கள். கடலில் வந்த வியாபாரத்தின் அடையாளம் எல்லாம் பலகாரத் தட்டில் இருக்கிறது.

இனி வரும் வருடங்களுக்கு ஒரு முன்யோசனை. நோன்பு ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னே வருவது தெரிந்ததே. 2024 இல் நோன்புப் பெருநாளும் ஏப்ரல் புத்தாண்டும் ஒரே கிழமையில் நின்றன. 2030 இல் ஜனவரி ஆரம்பத்தில் ஒரு நோன்பும் டிசம்பர் கடைசியில் இன்னொரு நோன்பும் வரும். அதாவது கிறிஸ்மஸ் கேக்குக்குப் பட்டர், முட்டை, கஜு எல்லாம் விலை ஏறி நிற்கும் காலத்தை அடுத்து எமது பிஸ்கட் காலம் வரப்போகிறது. அப்போது சாமான் வாங்கப் போகிறவர் தனித்தனி வீடாக அரைக் கிலோ பட்டர் வாங்கினால் சில்லறை விலைதான். ஐந்தாறு வீடு சேர்ந்து, ஒரு கடைக்காரர் பொறுப்பெடுத்து, நவம்பர் தொடக்கத்திலேயே பெட்டியாக வாங்கிக் குளிரூட்டியில் வைத்தால் விலை வேறு. கடையில் குளிரூட்டி இருப்பவர்கள் ஒரு தட்டை ஒதுக்கிக் கொடுக்க முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். பெட்டிக்கு எவ்வளவு கழிவு கிடைக்கும் என்பதை மொத்த வியாபாரியிடம் விசாரித்தால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.